உச்சி வளைவில் உட்கார்ந்த காற்று

காருக்கு, எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் புது டர்போவை மாட்டி, அதைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவம் ஓடுகிற குழாய்களையும் பொருத்தி இறுக்கியாயிற்று. ராகுகாலம் தொடங்குவதற்குள் வண்டி கிளம்பவேண்டும் என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். குழாயில் இருந்த காற்றை வெளியேற்றாமலே மெக்கானிக் சிவநேசன் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

கூலன்ட் டர்போவை நோக்கி ஏறியது. குழாயின் உச்சி வளைவில் காற்று உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே. அங்கே டர்போ சுடுது," என்றது கூலன்ட்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே நான் இங்கேதான் இருக்கேன். வேணும்னா கீழேயே நில்லு," என்றது காற்று. சூட்டைச் சுமந்துபோகிற வேலை அதற்கு வராது. ஆனாலும் அசையவில்லை.

"கூலன்ட் எங்கய்யா? உள்ளே வேகுது!" என்று டர்போ கத்தியது.

"அதான் நான் இருக்கேனே, அப்புறம் என்ன?" என்றது காற்று.

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. சிவநேசன் பதறிப்போய் எஞ்சினை அணைத்தார். நன்றாக ஆறவிட்டு, உச்சி வளைவில் இருந்த திருகைத் தளர்த்தினார்.

"நான் போனா இந்த இடமே காலியாயிடும், பார்த்துக்குங்க!" என்று சீறிக்கொண்டே காற்று வெளியேறியது.

அது சொல்லி வாய் மூடுவதற்குள், அந்த இடத்தில் கூலன்ட் நிரம்பித் திருகின் ஓரமாய்ச் சொட்டியது.