ஓசை நின்றால் பாட்டு

"ஒலிபரப்பு அறுந்தா தானா பாட்டுக்கு மாத்திவிடற மெஷினா? அந்த விலைக்கு ரெண்டு ஸ்டேஷன் வாங்கலாம். செலவில்லாம ஏதாவது பண்ணு!" என்றார் வானொலி நிலைய இயக்குநர், இன்ஜினியரிடம். "ஆனா ஒண்ணு, இன்னைக்கு என் உரை பாதியில அறுந்துச்சுன்னா, நாளைக்கு நீ வேற வேலை பாத்துக்க."

இன்ஜினியர் தன் பழைய செல்போனில் பாட்டுகளை ஏற்றி, மலிவான சின்னப் பெட்டி ஒன்றோடு இணைத்தார். மூன்று விநாடி சத்தம் வராவிட்டால் பாட்டு தானாக ஒலிக்கும். சத்தம் திரும்பினால் நின்றுவிடும்.

உரை தொடங்கிய சற்று நேரத்திலேயே, வெளியே ரேடியோவில் குத்துப்பாட்டு! இன்ஜினியர் ஒயர்களை இழுத்துப் பார்த்தார், எல்லாம் சரி. உரை வந்தது. மறுபடி பாட்டு. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். வெளிச்சத்தம் நுழையாத அந்த அறையில், இயக்குநர் கண்ணை மூடி, விரலை உயர்த்தி, தான் சொன்ன வாக்கியத்தின் ஆழத்தில் தானே மூழ்கி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

உரை முடிந்து, போனும் கையுமாக வெளியே வந்தார் இயக்குநர். இன்ஜினியர் மேஜையைக் காலி செய்யத் தொடங்கியிருந்தார்.

"எங்கய்யா கிளம்பிட்ட? என் பெண்டாட்டி முதல் தடவையா என் உரையை முழுசாக் கேட்டிருக்கா! 'பேசினதைவிட, நடுநடுவுல நிறுத்தினீங்க பாருங்க, அதுதாங்க பிரமாதம்'ங்கறா. நாளையிலேர்ந்து இன்னும் நீளமா நிறுத்தப்போறேன்!"