அழையா விருந்தாளி

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு மண்டபத்தில் கல்யாண விருந்து. இரண்டாம் முறை பிரியாணி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த சபை மூப்பர் எபனேசருக்கு, எதிரே இருந்தவனைப் பார்த்ததும் சோறு தொண்டையில் இறங்கவில்லை. தொழிற்சாலைச் சட்டை, காலில் சிலிப்பர், தட்டில் மலைபோலக் கோழி.

"தம்பி, நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"ரெண்டும் இல்லீங்க. ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னேன். வாசம் இழுத்துச்சு, வந்துட்டேன்."

எபனேசர் விருட்டென்று எழுந்துபோய், வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பாவைப் பிடித்தார்.

"கூப்பிடாதவன்லாம் வந்து சாப்பிடுறான். எழுப்பி அனுப்புங்க லா!"

"சாப்பிட்டுப் போகட்டும் ஐயா. தகுதி பாத்தா நாமளே பரலோகத்துக்குள்ள போக முடியாது. எல்லாம் கிருபைதானே?"

"கிருபைன்னா அதுக்கும் ஒரு வரைமுறை வேணாமா? பொண்ணு ரெபேக்காவோட அப்பாவே என்னை வீடு தேடி வந்து கூப்பிட்டாரு, தெரியுமா!"

மாப்பிள்ளையின் அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு எபனேசரின் தோளில் கை போட்டார்.

"ரெபேக்கா கல்யாணம் மாடியில நடக்குது ஐயா. இங்க பொண்ணு பேரு ஹன்னா."

"அலமாக்!" எபனேசரின் முகம் வெளிறியது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"நல்லா ரசிச்சுச் சாப்பிட்டீங்க, சொல்ல மனசு வரல. வாங்க, இன்னும் பாயசம் சாப்பிடலையே."

எபனேசர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். சிலிப்பர்க்காரன் சிரித்தபடி, தன் பக்கத்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டான்.