ஊசியை எழுப்பும் மருந்து

“நல்ல தண்ணிதான். பயப்பட ஒண்டுமில்லை,” என்றான் றமணன், மலை ஊற்றிலிருந்து பீலியில் விழும் குடிதண்ணீரைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பையன்.

சொன்னது மீனம்மாவிடம். பார்த்தது பக்கத்தில் குடையோடு நின்ற தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவை.

அந்தப் பார்வை மீனம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

பீலிக்கு மேலே உள்ள தேயிலை மலையில் பூச்சி மருந்து அடித்தார்கள். மறுநாளே கொட்டித் தீர்த்தது மழை. அதோடு படுத்த அவள் மகள் சுலக்ஷனா இன்னும் பாயை விட்டு எழவில்லை. வாந்தி ஒருபக்கம், நிற்காமல் வடியும் எச்சில் ஒருபக்கம். குளிர் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார் கண்டாக்கையா. காதில் பூ சுற்ற அவருக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை? மீனம்மா தொழிற்சங்கத் தலைவரை விடாமல் நச்சரித்துத்தான் இந்தச் சோதனையே நடந்தது.

றமணன் தண்ணீருக்குள் விட்டுச் சோதித்த கருவியின் ஊசியைத் துடைத்தான். பெட்டியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் திறந்து, ஊசியை அதற்குள் இறக்கினான்.

அது எதற்கு?

“அது என்னாங்க சார் போத்தல்லே?”

தன் கருவியைப் பற்றிக் கேட்டதும் பையனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“இந்த ஊசி சரியான விலை அம்மா. ஒருக்காப் பாவிச்சிட்டு எறிய ஏலாது. நஞ்சு பட்டால் இது மரத்துப் போகும். இந்த மருந்துக்குள்ள கொஞ்ச நேரம் வைச்சால் திரும்ப எழும்பீடும். அடுத்த தோட்டத்துத் தண்ணியையும் இதாலயே பாக்கலாம்.”

“எல்லாத் தண்ணிக்கும் இப்புடி முக்கணுங்களா?”

“சீச்சீ, இல்லை. நல்ல தண்ணியெண்டால் சும்மா கழுவினாலே காணும். நஞ்சு பட்டால்தான்…”

ஊசி போத்தலுக்குள்ளேயே நின்றது.

கண்டாக்கையா தொண்டையைச் செருமினார்.

பாவி! நல்ல தண்ணி என்றது பொய் என்று மீனம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் கத்தவில்லை. இன்னும் ஒன்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. குனிந்து, பீலியில் விழுந்த தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தினாள். அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாயருகே கொண்டுபோனாள்.

“குடியாதேங்கோ அம்மா,” என்றான் அவன். கண்டாக்கையாவுக்குக் கேட்டிருக்காது.

மீனம்மா குடத்தை அப்படியே போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடினாள். காய்ச்சிக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது என்று அவள்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அங்கே அவள் புருசன் அதே தண்ணீரை ஆற்றி ஆற்றிப் பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டிருந்தான்.