தெருவே தூக்கிய கட்டைவிரல்

“சார், நம்ம ஆப் பிச்சு உதறிடுச்சு! தெருவையே இடிச்சுப் பாலம் கட்டப் போறோம், கருத்து சொல்லுங்கன்னு கேட்டோம். வீட்டுக்கு வீடு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்காங்க!” என்றார் உதவியாளர்.

“ஒருத்தர்கூடவா எதிர்க்கல?”

நகரமைப்பு அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கடைசி வீட்டிலிருந்தும் கட்டைவிரல் வந்திருந்தது. அதைக் கண்ட பிறகுதான் ‘மக்களின் முழு ஆதரவு’ என்று அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மதியமே இடிப்பதற்கான உத்தரவு வந்துவிட்டது.

உடனே அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டார்.

“அம்மா, நம்ம வீட்டை நீ இவ்வளவு சுலபமா விட்டுத் தருவேன்னு நான் நினைக்கவே இல்லம்மா.”

“யாருடா விட்டுத் தந்தது? அதை எதிர்க்கத்தான் நாளைக்குத் தெருவே திரண்டு உன் ஆபீஸுக்கு வருது!”

“அப்புறம் எதுக்கும்மா எல்லாரும் கட்டைவிரலைப் போட்டீங்க?”

“சேதியைப் பாத்துட்டோம்னு போட்டதுடா அது!”

“ஐயோ, கட்டைவிரல்னா சம்மதம்மா!”

“என்னடா உளர்றே? உங்கப்பா தவறிட்டார்னு தெரு குரூப்புல சொன்னப்பவும் எல்லாரும் அதைத்தானே போட்டாங்க?”