முடிவை மட்டும் சொல்

காட்டு நூலகத்துக்கு வந்த புது நாவலை யாரும் எடுக்கவில்லை. இதுவும் அலமாரியிலேயே கிடந்தால் இனிப் புதுப் புத்தகமே வாங்குவதில்லை என்று கமிட்டி சொல்லியிருந்தது. அதனால் எருமை வந்ததும் நூலகர் மைனா அதை நீட்டியது.

“இதைப் படிங்கக்கா. ரொம்ப நல்லாருக்கு.”

“முடிவு சோகமா? சோகம்னா எனக்கு ஆகாது.”

“இல்லக்கா, கடைசியில சேர்ந்துடறாங்க.”

“அப்ப நடுவுல ஏன் பிரிஞ்சாங்க?”

மைனா அதையும் சொன்னது. மாமியார் என்ன ஆனாள், வீடு யாருக்குப் போனது என்று எருமை கேட்டுக்கொண்டே இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் மைனாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“உங்க பேர்ல பதியட்டுமா?”

“அதான் முழுசா சொல்லிட்டியே” என்று எருமை கிளம்பிவிட்டது.

மறுநாள் முயல் வந்தது.

“அந்தக் கதையா? எருமையக்கா குளத்துல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. வேற புதுசு இல்லையா?”

மைனா நாவலைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டது.