பாய்க்கு அடியில்

சவாயீ தீவில் மன்னிப்புக் கேட்பவர்கள் எதிராளி வீட்டு வாசலில், பாயைப் போர்த்திக்கொண்டு மண்டியிடுவார்கள். வீட்டுக்காரர் பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் கல்லோ, கத்தியோ.

ஊர்த் தலைவர் வீட்டு வாசலில், பாய்க்கு அடியில் ஸலோமே மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் அவள் பிள்ளை ஃபெட்டு.

"அம்மா, மூச்சு முட்டுது."

"அசையாதே. வாயத் திறக்காதே."

"ஒரே ஒரு படத்துக்கு இவ்வளவு ஆகும்னு நெனக்கலம்மா."

"துணியில்லாத படம்! ஊரே போன்ல பாத்தாச்சு, போலீஸ் வரைக்கும் போயாச்சு. நம்ம வீட்டக் கொளுத்தாம விட்டாங்களே, அதச் சொல்லு."

காலடிச் சத்தம் நெருங்கியது. கூடவே கத்தி தரையில் உரசும் சத்தம். ஸலோமே பிள்ளையின் தலையை இழுத்துத் தன் மார்புக்குள் புதைத்துக்கொண்டாள்.

பாய் விலகியது. வெயிலில் கண் கூசியது.

"எழுந்திரு, மன்னிச்சாச்சு" என்றார் ஊர்த் தலைவர். "இனிமே என் பையன் மேல புகார் கிகார்னு போலீசுக்குப் போகாம இருக்கச் சொல்லு, உன் பொண்ண."

அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிய அவர் மகன் இயோனா, பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அழுதுகொண்டிருந்த ஃபெட்டுவை நோக்கி அவன் கையிலிருந்த போன் மெல்ல உயர்ந்தது.

ஸலோமே பாய்ந்து அந்தப் பாயைப் பிடுங்கி, மகளை மறுபடியும் மூடினாள்.