வாளி எங்கே?

"வேலி ஓரமா நின்னு அம்பயரை அந்தக் கிழி கிழிச்சாரே, அவர் உன் அப்பாவாம்மா?"

தன் கல்லூரி அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த கோச் ஹேவர்டு, ஆட்டம் முடிந்ததும் ஷெல்பியிடம் கேட்டார்.

ஓக்லஹோமா மாநிலம் முழுக்கக் கல்லூரி தேடிச் சலித்தாகிவிட்டது. கால்நடை மருத்துவம் நன்றாகச் சொல்லித்தரும் இடத்தில், பேஸ்பால் மாதிரி ஆடும் சாஃப்ட்பால் அணி சொத்தை. அணி பிரமாதமான இடத்தில் படிப்பு சொத்தை. இரண்டும் உருப்படியாக இருந்தது இந்த அம்மாளின் கல்லூரியில் மட்டும்தான்.

அந்த அம்மாளுக்கோ கத்துகிற பெற்றோரைக் கண்டாலே ஆகாது. போன வருடம் ஷெல்பியின் அணித்தோழி ஜோலினின் அம்மா, அம்பயரைக் கண்ணாடி போடச் சொன்னாள். ஒரே ஒரு தடவைதான். ஜோலினின் கதை அத்தோடு முடிந்தது.

ஷெல்பியின் அப்பா டுவைட் இன்று கண்ணாடிக் கடையே வைத்துவிட்டார். பாதி ஆட்டத்தில்தான் அடங்கினார். தொண்டை கட்டியிருக்கும்.

"சொல்லும்மா. அப்பாவா?"

"இல்ல கோச். யாருன்னே தெரியாது."

சொன்ன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. வாளி!

ஷெல்பி மாதிரி பந்து வீசும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதுதான் அடையாளம். வீட்டுக் கொல்லையில் மகள் வீச வீச, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பந்து பிடிப்பது அப்பாவின் வேலை. ஆட்டத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோச் ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் போதும், பொய் வெளுத்துவிடும்.

வேலிப் பக்கம் பார்த்தாள். அப்பா வெறுங்கையோடு நின்றிருந்தார். பேசுவது காதில் விழும் தூரம்தான்.

"நல்லா வீசின. சனிக்கிழமை வந்து எங்க காலேஜைப் பாரு. அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வா," என்று சொல்லிவிட்டு கோச் நகர்ந்தார்.

வண்டியில் அப்பா வாயே திறக்கவில்லை. மற்ற நாளென்றால் வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு பந்தையும் பிரித்து மேய்வார். அந்தப் பேச்சுக்குப் பயந்த காலம் போய், இந்த மௌனம் அவளைக் கொன்றது. அவள் சொன்னது காதில் விழுந்திருக்குமோ?

"அப்பா... சனிக்கிழமை காலேஜ் பாக்க வரச் சொல்லியிருக்காங்க."

"அடி சக்கை!" ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். "அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

"நீங்க வரலையா?"

"வேலை இருக்கு, கண்ணு."

விழுந்துதான் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து பின்பக்கம் திரும்பினாள். மட்டை, பை, தண்ணீர் ஜாடி எல்லாம் இருந்தன.

"அப்பா, வாளி எங்க?"

"குப்பைத்தொட்டில போட்டுட்டேன்."

"ஐயோ, ஏன்?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாதி ஆட்டத்துல அந்தக் கோச்சம்மா என்கிட்ட வந்து, 'இதுல எது உங்க பொண்ணு?'ன்னு கேட்டாங்க. வாளியைக் காலால பின்னால தள்ளிக்கிட்டே, எனக்குப் பொண்ணே இல்லன்னுட்டேன்."